செலிக்காவுக்குப் பழைய சொலெக்ஸ் கார்புரேட்டர்கள்: எவற்றைப் பார்த்து வாங்குவது?

கேள்வி (ஹட்டன்): வணக்கம். 2டி-ஜி எஞ்சின் பூட்டிய என் பழைய டொயோட்டா செலிக்காவுக்காக ஈராண்டு தேடியபின், மிக்குனி சொலெக்ஸ் 40 பிஎச்எச் கார்புரேட்டர் (எரிபொருளைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் கருவி) சோடியொன்றைக் கண்டிருக்கிறேன். வாங்குமுன் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில் (பண்டாரவளை): தம்பி, மினுக்கத்தைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தட்டைத் திருப்பும் திராட்டில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அது ஆடினால் அந்த இடைவெளியால் காற்று உட்புகும், ஐட்லிங் (வண்டி நிற்கையில் எஞ்சின் மெதுவாக ஓடுவது) நிலைக்காது. எரிபொருளை அளந்துவிடும் சிறு துளைப் பாகங்களான ஜெட்டுகளை எளிதில் மாற்றலாம், தேய்ந்த கார்புரேட்டர் உடலைச் சீராக்குவதுதான் கடினம்.

பதில் (நுவரெலியா): அண்ணன் சொன்னது சரி. இங்கே ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால், கொழும்பில் ஒழுங்காக ஓடிய அதே ஜெட்டுகள் எரிபொருளை மிகையாக ஊட்டிப் பிளக்குகளில் கரி படியச் செய்யும். ஆகவே சிறிய துளையுள்ள மெயின் ஜெட்டுகள் கிடைத்தால் அவற்றையும் கையோடு வாங்குங்கள். பழையவற்றை எறிந்துவிடவும் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: இருவருக்கும் மிக்க நன்றி. ஞாயிறன்று தண்டை அசைத்துப் பார்த்த பின்னரே விலை பேசுவேன்.