ஐம்பது மடங்கு விலைக்கு ஐம்பது மடங்கு இசை வருமா?

அரைக்காது:
வீட்டிலுள்ள ஸ்டீரியோவை மாற்றலாம் என்று இருக்கிறேன். விவரம் தெரிந்த இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர், "நல்ல ஆம்ப் (ஒலி சிக்னலைப் பெருக்கும் கருவி), நல்ல டாக் (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி), நல்ல கேபிள் மூன்றையும் முதலில் வாங்கு, ஸ்பீக்கரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். இன்னொருவர், ஒரு அளவுக்கு மேல் எல்லாமே தண்டம் என்கிறார். பணம் ஒரு தடவைதான் செலவழிக்க முடியும். விலை ஏற ஏற ஒலி உண்மையிலேயே நன்றாகிறதா, இல்லை விலைச் சீட்டைப் பார்த்து நாமே மயங்குகிறோமா?

ஓம்விதி:
பெரும்பாலும் மயக்கம்தான். 1994-இல் ஃப்ளாயிட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஒலியியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். அதே ஸ்பீக்கர்களை, அதே ஆட்களிடம், ஒரு முறை திரைக்குப் பின்னால் வைத்தும் ஒரு முறை கண் முன்னால் வைத்தும் கேட்க வைத்தார்கள். திரைக்குப் பின்னால் இருந்தபோது நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு சின்ன, மலிவான செட், கண்ணுக்குத் தெரிந்ததும் சரிந்துவிட்டது. கேட்டவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை, ஆடியோ நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர்கள்!

கேபிளைப் பற்றிக் கணக்கே போட்டுவிடலாம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 5 மீட்டர் தூரம். போக வர 10 மீட்டர். மொத்த மின்தடை சுமார் 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இதனால் குறையும் ஒலி 0.1 டெசிபலுக்கும் கீழே. எந்தக் காதுக்கும் எட்டாது. சாதாரண மின்கம்பி கடையில் கிடைக்கிற கம்பியே இந்த வேலையைச் செய்யும். வெள்ளி முலாம், பாம்பு மாதிரிப் பின்னிய உறை, அம்புக்குறி போட்ட திசை எல்லாம் பெட்டியின் அழகுக்கு.

நிசிநாதம்:
ஓம்விதி ஐயா, இந்தக் கணக்கை நீங்கள் போடுவதை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. கேபிளை அடித்தால் மொத்த ஹைஃபையும் விழுந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். கேபிளுக்காக நான் வாதாட வரவில்லை.

என் கேள்வி வேறு. பெயர் தெரியாத ஓர் அறையில் உட்கார வைத்து, முப்பது வினாடித் துண்டை மாற்றி மாற்றிப் போட்டு, "ஏ-வா பி-யா சொல்" என்றால் யாருக்கும் தடுமாறத்தான் செய்யும். இசையை யாரும் அப்படிக் கேட்பதில்லை. ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு ஒரு கச்சேரிப் பதிவை முழுதாகக் கேட்டுப் பாருங்கள். மட்டமான செட்டில் முக்கால் மணி நேரத்தில் காது சலித்துவிடும். நல்ல செட்டில் அடுத்ததைப் போடத் தோன்றும். அந்தச் சலிப்பு உங்கள் மீட்டரில் எந்த முள்ளில் தெரியும்?

இன்னொன்று. 2016-இல் ஜோஷுவா ரைஸ் பதினெட்டு ஆய்வுகளைத் திரட்டி, குறுந்தட்டு (சிடி) தரத்துக்கு மேற்பட்ட பதிவுகளை ஆட்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று அலசினார். பயிற்சி பெற்றவர்கள் சுமார் 62 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். ஆக, கேட்கிற காது இருக்கிறது. எல்லாருக்கும் இல்லை என்பதால் யாருக்கும் இல்லை என்றாகிவிடாது.

ஓம்விதி:
அதே ஆய்வில் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் 52.3 சதவீதம். காசைச் சுண்டினால் 50. பயிற்சி பெற்றவர்களுக்கு ஏதோ ஒரு வித்தியாசம் லேசாகப் பிடிபடுகிறது என்பது வரை சரி. அந்த லேசான வித்தியாசத்தைத்தான் "திரை விலகியது போல இருந்தது", "பாடகர் எதிரே வந்து நின்றார்" என்று விமர்சனத்தில் எழுதுகிறார்கள். திரை விலகினால் நூற்றுக்கு நூறு பேரும் சொல்ல வேண்டாமா?

2007-இல் மேயர், மோரன் இருவரும் செய்தது இன்னும் நேரடியானது. உயர்தரப் பதிவு ஓடும் பாதையின் நடுவே குறுந்தட்டுத் தரத்துக்கு, அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு, ஒலியைக் குறைத்து அனுப்பும் கருவியைச் செருகினார்கள். அது நடுவே இருக்கிறதா இல்லையா என்று 554 தடவை கேட்டதில் சரியான பதில் 276. பாதிகூட இல்லை.

ஆம்ப் விஷயமும் இதே கதைதான். 1987-இல் ஸ்டீரியோ ரெவ்யூ இதழ், விலையில் பல மடங்கு வித்தியாசமுள்ள ஆம்புகளை ஒலி அளவைச் சமன் செய்து, மறைத்து வைத்துக் கேட்க வைத்தது. பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நிசிநாதம்:
சமன் செய்து, திணறாத அளவுக்குக் குறைந்த சத்தத்தில் ஓட்டினால் எல்லா ஆம்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வீட்டில் அப்படியா ஓட்டுகிறோம்? என் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில், 84 டெசிபல்தான் தரும். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் இரண்டு ஸ்பீக்கரும் அறையும் சேர்ந்து 80 அளவில் காதுக்கு வரும். மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தில் ஒரு சாப்பு அடி விழும்போது 20 டெசிபல் எகிறுகிறது என்று வையுங்கள். நூறு மடங்கு திறன் வேண்டும். சின்ன ஆம்ப் அங்கே தலை தட்டிப்போகும், சாப்பின் முனை மழுங்கும். இதைத்தான் நாங்கள் "உயிர் இல்லை" என்று சொல்கிறோம். நீங்கள் சிரிக்கிறீர்கள்.

ஓம்விதி:
சிரிக்கவில்லை, நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் நீங்கள் கேட்பது 100 வாட். அது எண். அந்த எண்ணை நியாயமான விலையிலேயே தரும் ஆம்புகள் நிறைய இருக்கின்றன. அதற்குமேல் கொடுக்கும் பணம் எதற்கு?

பழுதுமேசை:
அதற்குப் பதில் நான் சொல்கிறேன், ஏனென்றால் மூடியைக் கழற்றிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

ஒரு பெரிய விலை ஆம்ப் மேசைக்கு வந்தது. முன் பலகை விரல் தடிமனில் அலுமினியம். இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்க முடியும். திறந்தால் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு ரெடிமேட் சர்க்யூட் பலகை. பத்தில் ஒரு பங்கு விலை செட்டிலும் அதே ரகப் பலகையைத்தான் பார்த்திருக்கிறேன். மீதிப் பெட்டி காலி. எடை காட்டுவதற்கென்றே அடியில் ஓர் இரும்புத் தகடு முடுக்கியிருந்தார்கள். அண்ணன் நிசிநாதம் இதையும் "கட்டுமானம்" என்று சொல்வார் என்றால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்கிறேன். மலிவு செட்டில் 85 டிகிரி வரை தாங்கும் கெபாசிட்டரை, சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் தகட்டின் மேல் சாய்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பத்து டிகிரி சூட்டுக்கும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். சில வருடத்தில் உப்பிக்கொண்டு வரும். நன்றாகச் செய்த செட்டில் 105 டிகிரி கெபாசிட்டர், சூட்டிலிருந்து தள்ளி, பசை போடாமல் திருகாணியில் நிற்கும். வரைபடம் கிடைக்கும், உதிரி கிடைக்கும். ஸ்பீக்கரிலும் அப்படித்தான். பேஸ் ஒலி தரும் ஊஃபரைச் சுற்றி நுரை வளையம் என்றால் பத்துப் பதினைந்து வருடத்தில் விரலால் தொட்டாலே பொடியாக உதிரும். ரப்பர் வளையம் என்றால் நெடுநாள் நிற்கும்.

ஹெட்போனில் சென்ஹைசர் எச்டி 600-ஐப் பாருங்கள். 1997-இல் வந்தது, இன்னும் விற்பனையில் இருக்கிறது. கேபிள், காது மெத்தை, தலைப்பட்டை எல்லாவற்றையும் கையாலேயே கழற்றி மாற்றலாம். அதற்குக் கொடுத்த பணம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். காதுக்குக் கேட்கிற வித்தியாசத்துக்கு மட்டும்தான் விலை என்று நினைத்தால் கணக்குத் தப்பும்.

அரைக்காது:
பழுதுமேசை அண்ணே, இது நல்ல விஷயம். அப்படியென்றால் ஹெட்போனில் விலைக்கேற்ற தரம் உண்டா?

ஓம்விதி:
2017-இல் ஜெரோன் பிரேபார்ட் 283 ஹெட்போன்களை அளந்து, எந்த ஸ்வரத்தை எவ்வளவு தூக்கிக் கொடுக்கின்றன என்பதை விலையோடு ஒப்பிட்டார். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. ஒரே விலையில் அருமையானதும் இருக்கிறது, கர்ண கொடூரமானதும் இருக்கிறது.

நிசிநாதம்:
தலையில் மூன்று மணி நேரம் உறுத்தாமல் உட்காருமா என்பதை அவர் அளந்தாரா?

ஓம்விதி:
இல்லை. அதை நீங்கள் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அந்த ஒரு புள்ளியை உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன்.

கலவைமேசை:
ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று. நீங்கள் எல்லாரும் பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். பெட்டி வைக்கிற அறையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

4 மீட்டர் நீளமுள்ள அறை என்று வையுங்கள். ஒலி வினாடிக்கு 343 மீட்டர் ஓடுகிறது. அந்த நீளத்தில் 43 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஓர் அலை சுவருக்குச் சுவர் மோதி நிற்கும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அந்த ஸ்வரம் குடமுருட்டும். நட்டநடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும். நாற்காலியை அரை மீட்டர் முன்னே தள்ளினால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி வேறு ஆளாகிவிடும். பத்து டெசிபலுக்கு மேல் ஏறி இறங்குவது சர்வ சாதாரணம். ஓம்விதி கேபிளில் 0.1 டெசிபலுக்கு மல்லுக்கட்டுகிறார், இங்கே நாற்காலி அதைப் போல நூறு மடங்கு மாற்றுகிறது. காசும் கேட்பதில்லை.

திரைச்சீலை போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். ட்ரெபிள் கொஞ்சம் அடங்கும், பேஸ் திரைச்சீலையைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. அதற்கு மூலையில் தடித்த பஞ்சுப் பாளங்கள் வேண்டும்.

விலையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், 1978-இல் வந்த யமஹா என்எஸ்-10 வீட்டு உபயோகத்துக்காகச் செய்த சாதாரண ஸ்பீக்கர். வாங்கியவர்கள் பாராட்டவில்லை. கூடங்களில்தான் அது உலகம் முழுக்கப் பரவியது. ட்ரெபிள் தரும் ட்வீட்டர் கீச்சென்று குத்துகிறது என்று மேலே மெல்லிய டிஷ்யூ காகிதத்தை ஒட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். உங்கள் லட்சிய செட்டில் ரசித்துக் கேட்கிற எத்தனையோ பதிவுகள் அந்தக் காகிதம் ஒட்டிய பெட்டியில்தான் கலக்கப்பட்டவை.

நிசிநாதம்:
கலவைமேசை சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை. என் அறையிலும் பாளம் வைத்திருக்கிறேன். ஆனால் நீங்கள் வேலைக்குக் கேட்கிறீர்கள், நான் சந்தோஷத்துக்குக் கேட்கிறேன். ஓம்விதி முதலில் சொன்ன ஆய்வையே எடுத்துக்கொள்வோம். கண் பார்த்தால் காதின் தீர்ப்பு மாறுகிறது என்கிறது. சரி. நான் வீட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டா கேட்கிறேன்? தினமும் பார்த்துக்கொண்டுதான் கேட்கிறேன். பார்ப்பதால் கூடும் சுகமும் எனக்குக் கிடைக்கிற சுகம்தானே? அதை எதற்கு என்னிடமிருந்து பிடுங்குகிறீர்கள்?

ஓம்விதி:
பிடுங்கவில்லை. அழகான பொருள், தொட்டால் சுகம், வைத்திருப்பதில் பெருமை என்று சொல்லி வாங்குங்கள், நான் வாயே திறக்க மாட்டேன். "பேஸ் இறுகியது, ட்ரெபிள் பட்டாக ஓடுகிறது" என்று அரைக்காது மாதிரிப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்லும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் உங்கள் பேச்சை நம்பி ஸ்பீக்கருக்கு ஒதுக்கிய பணத்தை டாக்கில் போடுவார்.

2022-இல் மொபைல் ஃபிடெலிட்டி என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் விவகாரம் வெடித்தது நினைவிருக்கிறதா? நேரடி அனலாக் டேப்பிலிருந்து வெட்டியது என்று நம்பிப் பலர் வருடக்கணக்கில் கொண்டாடிய இசைத்தட்டுகளில் நிறைய, நடுவே டிஜிட்டலாக மாற்றி வெட்டியவை. நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதுவரை "டிஜிட்டல் வாடை கொஞ்சமும் இல்லை" என்று எழுதிய காதுகள் எங்கே போயின?

நிசிநாதம்:
எங்கும் போகவில்லை. அந்தத் தட்டுகள் நன்றாக ஒலித்தன, நன்றாக ஒலிக்கின்றன என்றுதான் சொன்னார்கள். இப்போதும் நன்றாகத்தான் ஒலிக்கின்றன. டிஜிட்டலை ஒழுங்காகச் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதற்கு அது சாட்சி. பொய் சொன்னது நிறுவனம், கேட்டவர்கள் இல்லை.

பழுதுமேசை:
இது சரியான அடி. ஓம்விதி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

ஓம்விதி:
குடித்துவிட்டேன். டிஜிட்டலைக் காது கண்டுபிடித்துவிடும் என்று சொன்னவர்களும் அதே ஆட்கள்தான். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

சரி, பேச்சை விடுவோம். நிசிநாதம், உங்கள் டாக்கையும் என்னிடம் இருக்கும் விரல் நீள டாக்கையும் வைத்துப் பார்ப்போம். உங்கள் வீடு, உங்கள் அறை, உங்கள் பாட்டு. முப்பது வினாடி விதி இல்லை, ஒவ்வொரு முறைக்கும் ஒரு முழு ராத்திரி எடுத்துக்கொள்ளுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி போட்டு, மல்ட்டிமீட்டரில் ஸ்பீக்கர் முனையின் வோல்ட்டைப் பார்த்து, 0.1 டெசிபலுக்குள் இரண்டையும் சமன் செய்வோம். இது முக்கியம். இத்துனூண்டு சத்தம் கூடினாலும் காது அதை "தரம்" என்று எடுத்துக்கொள்ளும். மாற்றுவது மூன்றாவது ஆள், உங்கள் கண்ணுக்குத் தெரியாமல். 16-க்கு 12 சரி என்றால் நீங்கள் ஜெயித்தீர்கள். குருட்டாம்போக்கில் அது வருவதற்கு 4 சதவீதம்கூட வாய்ப்பில்லை.

நிசிநாதம்:
சம்மதம், ஒரு நிபந்தனையோடு. கேட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விடக் கூடாது.

ஓம்விதி:
நான் வரவே மாட்டேன். பழுதுமேசை மாற்றட்டும்.

அரைக்காது:
நீங்கள் முடிவு சொல்லும் வரை நான் காத்திருக்க முடியாது போலிருக்கிறது! என் அறை 4-க்கு 3 மீட்டர். இப்போது இருப்பது மெல்லிய கம்பி, அரை சதுர மில்லிமீட்டர் இருக்கும். 5 மீட்டர் ஓட்டியிருக்கிறேன். பணத்தில் பெரும்பகுதியை ஸ்பீக்கரில் போடலாம் என்று தோன்றுகிறது. சரியா?

ஓம்விதி:
சரி. ஆனால் அந்தக் கம்பியை மாற்றிவிடுங்கள். அது கிட்டத்தட்ட 0.35 ஓம். சில ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ், அதாவது மின் எதிர்ப்பு, சில ஸ்வரங்களில் 3 ஓம் வரை இறங்கும், அங்கே மட்டும் ஒரு டெசிபல் அளவுக்குக் குறைந்து ஒலி சாய்ந்துவிடும். 2.5 போதும்.

நிசிநாதம்:
கேபிள் மாற்றச் சொல்லி ஓம்விதியே எழுதிவிட்டார். இந்தப் பதிவை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

கலவைமேசை:
அரைக்காது தம்பி, ஸ்பீக்கர் வாங்கும்முன் அளவெடுக்கும் மைக் ஒன்று வாங்குங்கள், பெரிய விலை இல்லை. ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள் இலவசம். இப்போதுள்ள ஸ்பீக்கரையே வைத்து, உட்காரும் இடத்தில் 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஒரு தடவை ஓட்டி வரைபடத்தை இங்கே போடுங்கள். உங்கள் அறையின் 4 மீட்டருக்கு 43-லும், 3 மீட்டருக்கு 57-லும் மேடு நிற்கிறதா என்று முதலில் பார்ப்போம்.