கவுன்சில் கட்டடத்தை ஒரு மிளகு வாடகைக்குத் தாறன் எண்டுது. எடுக்கலாமோ?

கேட்டவர்: வெள்ளி ஆறரை

எல்லாருக்கும் வணக்கம். லண்டனில ஒரு பழைய கவுன்சில் (உள்ளூராட்சிச் சபை) இளைஞர் நிலையத்தில, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறரையிலயிருந்து ஒன்பதரை மட்டும் யூத் கிளப் நடத்திறம். இது ஏழாவது வருசம். சம்பளத்துக்கு ஒரேயொரு பகுதிநேர யூத் வேர்க்கர், மிச்சம் பதினொரு பேரும் தொண்டர்கள். 13இல இருந்து 18 வயது வரைக்கும் ஒரு நாளைக்கு முப்பத்தஞ்சு, நாற்பது பிள்ளையள் வரும். பாதி எங்கட பிள்ளையள், மற்றதுகள் சோமாலி, ரோமேனியா எண்டு தெருவில உள்ள எல்லாம்தான்.

இவ்வளவு நாளும் கவுன்சில் வருசம் 14,000 பவுண் கிறான்ட் தந்தது. கட்டடமும் அவையின்ரதான். கூரை ஒழுகினால் ஒரு போன் அடிப்பம், மூண்டு கிழமையில ஆள் வரும். இப்ப ஒரு கடிதம் வந்திருக்கு. வாற மார்ச்சோட கிறான்ட் நிக்குதாம். அதுக்குப் பதிலா கட்டடத்தை 25 வருச லீசுக்கு எங்களிட்டயே தாறினமாம். வாடகை வருசத்துக்கு ஒரு 'பெப்பர்கோர்ன்', அதாவது ஒரு மிளகு. ஆறு கிழமைக்குள்ள பதில் சொல்லவேணும்.

கொமிட்டி ரெண்டுபட்டு நிக்குது. தலைவர் அண்ணை 'லண்டனில ஆர் சும்மா கட்டடம் தருவான்' எண்டு ஒரே பிடி. எனக்கெண்டால் கடிதம் வாசிச்ச நாளிலயிருந்து வயித்துக்குள்ள ஒரு மாதிரி. நேற்றுப் பொயிலர் அறைக்குள்ள போய்ப் பாத்தன். ஒரு குழாயைச் சுத்திப் பழைய துணி, அதுக்கு மேல வெள்ளி ரேப், அதுக்கு மேல இன்னொரு ரேப். ஆர் எப்ப சுத்தினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இப்படிக் கட்டடம் எடுத்த அனுபவம் ஆருக்கும் இருந்தால் சொல்லுங்கோ.

பதில்: மூண்டாம் மாடி

இதில யோசிக்க என்ன இருக்கு? எடுங்கோ. நீங்கள் வேண்டாமெண்டால் நாளைக்கே வித்துப்போட்டு பிளாட் கட்டுவாங்கள். எங்கட பக்கத்தில அப்படித்தான் நடந்தது. ஒருக்கா போன இடம் போனதுதான். சனிக்கிழமையில ஹோலை வாடகைக்கு விட்டால் செலவு வந்திடும்.

பதில்: கணக்குப்பிள்ளை

மேல எழுதினவர் கோவிக்கக்கூடாது. நாங்களும் இதே கதையைக் கதைச்சுத்தான் கையெழுத்து வைச்சனாங்கள். ஒன்பது வருசம் பொருளாளரா இருந்து பட்டதைச் சொல்லுறன்.

முதல் வருசம், டிசம்பர் மாசம். பொயிலர் நிண்டுட்டுது. பழக்கதோசத்தில கவுன்சிலுக்கு அடிச்சன். எடுத்த பிள்ளை நல்ல மரியாதையாத்தான் சொன்னா, 'அது இப்ப உங்கட பொறுப்பெல்லோ' எண்டு. லீசை எடுத்து விரிச்சால் 'ஃபுல் ரிப்பேரிங் அன்ட் இன்சூரிங்' எண்டு கிடக்கு. கூரையிலயிருந்து கான் வரைக்கும் எல்லாம் எங்கட தலையில. புதுப் பொயிலருக்கு 11,400 பவுண் கேட்டாங்கள். வங்கியில கிடந்தது 9,000 சொச்சம். அதில 6,000 சமையல் வகுப்புக்கெண்டு ஒரு நிதியம் தந்தது, தொடவே ஏலாது. ஒரு வேலைக்கெண்டு தந்த காசை இன்னொண்டுக்கு எடுத்தால் ட்ரஸ்டி ஆக்களின்ர கழுத்துக்கு வரும். பிள்ளையள் ஜக்கெற்றோட ரேபிள் ரென்னிஸ் விளையாடிச்சுதுகள். ஜனவரி கடைசி வெள்ளி வரவுக் கொப்பியில ஏழு பேர். அந்தக் கொப்பி இன்னும் என்னட்டத்தான் கிடக்கு.

இந்த மிளகு விசயம் ஒரு பகிடி. பொன் குடுத்து மிளகு வாங்கின காலத்தில அது உண்மையான வாடகையா இருந்திருக்கும். இப்ப ஏதோ ஒண்டு கைமாறினது எண்டு சட்டத்துக்குக் காட்டத்தான். உண்மையான விலையை நாலைஞ்சு பக்கம் தள்ளி 'பராமரிப்பு' எண்ட தலைப்புக்குக் கீழ போட்டிருப்பினம்.

கவுன்சிலைத் திட்டவும் எனக்கு மனம் வரேல்லை. பிள்ளையள் பாதுகாப்பு, வயதுபோன ஆக்களின்ர பராமரிப்பு, இதெல்லாம் அவை சட்டப்படி செய்தே ஆகவேண்டிய வேலை. காசு முழுக்க அங்கதான் போகுது. 2023 செப்டம்பரில பர்மிங்காம் மாதிரிப் பெரிய கவுன்சிலே 114 நோட்டீஸ், அதாவது செலவுக்குக் காசு காணாது எண்ட அறிவித்தல், குடுத்துக் கையை விரிச்சுது. இளைஞர் சேவைக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1996 கல்விச் சட்டத்தில 507பி பிரிவு. இங்கிலாந்தில 13 முதல் 19 வயதுக்காரருக்கு, கற்றல் குறைபாடோ உடற்குறைபாடோ உள்ள பிள்ளையள் எண்டால் 24 வரைக்கும், ஓய்வுநேரத்துக்கு இடமும் வேலைத்திட்டமும் இருக்கப் பண்ணவேணும் எண்டு சொல்லுது. ஆனால் அதுக்குள்ள 'நியாயமா இயன்றளவுக்கு' எண்டு ஒரு சொல்லைச் செருகி வைச்சிருக்கினம். வெட்டு முதல்ல எங்கட பக்கம் விழுறது அந்தச் சொல்லாலதான்.

அதே பிரிவில இளைஞரின்ர கருத்தைக் கேட்டறியவேணும் எண்டும் கிடக்கு. நோர்த் சோமர்செற் கவுன்சில் இளைஞர் சேவையை வெட்டின வழக்கில, 2013இல மேல்முறையீட்டு நீதிமன்றம் கவுன்சில் கடமை தவறினது எண்டுதான் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அதுக்குள்ள அந்த பட்ஜெற் வருசம் முடிஞ்சுபோச்சு, வெட்டினது வெட்டினதுதான். அதால வழக்குக்குப் போங்கோ எண்டு நான் சொல்லமாட்டன். 'எங்கட பிள்ளையளிட்ட எப்ப, எப்படிக் கேட்டனீங்கள்?' எண்டு ஒரு வரி மெயில் இண்டைக்கே போடுங்கோ. இப்ப எழுதினால் அவையும் உங்களோட இருந்து கதைக்கவேண்டி வரும். மார்ச்சுக்குப் பிறகு எழுதினால் பைலுக்குள்ள போகும், அவ்வளவுதான்.

லீசுக்கு வருவம். கட்டடத்தின்ர நிலைமை அறிக்கை, 'கொண்டிஷன் சேர்வே', கையில கிடைக்கும் வரைக்கும் ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லாதேங்கோ. கட்டடம் எந்த வருசம் எண்டு நீங்கள் எழுதேல்லை. 1960இல இளைஞர் சேவை பற்றி அல்பமார்ல் அறிக்கை வந்த பிறகு நாடு முழுக்க இளைஞர் நிலையங்கள் கட்டினவை, கனக்க தட்டைக் கூரை. உங்கடயும் அந்தச் சாதி எண்டால் கூரையைப் பற்றி முதல்ல கேளுங்கோ, பிறகு அஸ்பெஸ்ரஸ் (கல்நார், தூசு நுரையீரலுக்குக் கூடாது) எங்க இருக்கு எண்ட பதிவேட்டைக் கேளுங்கோ. இந்த நாட்டில அஸ்பெஸ்ரஸ் முழுசாத் தடையானது 1999இலதான். துணி சுத்தின குழாய் எண்டு வாசிக்க எனக்கு நெஞ்சு பக்கெண்டுது. பகிடி இல்லை, அந்த ரேப்பைப் பிய்ச்சுப் பாக்க வெளிக்கிடாதேங்கோ.

இன்னொண்டு. நீங்கள் வெறும் சங்கமா இருக்கிறீங்களோ, பதிஞ்ச அமைப்போ? வெறும் சங்கத்தின்ர பேரில லீஸ் எழுதேலாது, மூண்டு நாலு பேரின்ர சொந்தப் பேரில எழுதுவினம். நாளைக்கு கூரை விழுந்தால் கடன்காரன் அந்த நாலு பேரின்ர வீட்டுக்குத்தான் வருவான். முதல்ல சி.ஐ.ஓ., அதாவது தன்ர பேரிலயே லீஸ் எடுக்கக்கூடிய தர்ம அமைப்பு, ஆகப் பதியுங்கோ, மாசக்கணக்கு எடுக்கும், ஆறு கிழமையில நடக்காது. பதிஞ்ச தர்ம அமைப்பு எண்டால் பிஸ்னஸ் ரேற்றில, அதாவது கட்டட வரியில, 80 வீதம் சட்டப்படி கழியும், மிச்ச 20க்கும் கவுன்சிலிட்டக் கேக்கலாம்.

ஹோல் வாடகை கதைக்கும் பதில் சொல்லவேணும். நாங்களும் விட்டனாங்கள். சனி காலமை பிறந்தநாள் பார்ட்டி எண்டால் வெள்ளி இரவே கதிரை மேசை போடவேணும். அதுக்காக ஒன்பதரைக்கு மூடுற கிளப்பை எட்டரைக்கு மூடினம். ஒரு பொடியன், பதினாலு வயசிருக்கும், மழைக்குள்ள வெளிய நிண்டு கண்ணாடிக்குள்ளால பாத்துக்கொண்டு நிண்டவன். உள்ள நான் பலூன் கட்டிக்கொண்டிருந்தன். அண்டைக்கு நாங்கள் ஆருக்காக இதை எடுத்தனாங்கள் எண்டு எனக்கே தெரியேல்லை.

காசு வராத இடம் எது எண்டால் கரண்ட் பில், இன்சூரன்ஸ், கூட்டித் துடைக்கிறது. புதுசா ஏதும் செய்யிறம் எண்டால் நிதியம் தரும், கதவைத் திறந்து வைச்சிருக்கிறம் எண்டால் ஆரும் திரும்பிப் பாக்கமாட்டினம். நாலாம் வருசம்தான் எங்களுக்குப் புத்தி வந்தது. கட்டடம் ஒரு மணித்தியாலம் திறந்திருக்க எவ்வளவு போகுது எண்டு இருந்து கணக்குப் போட்டம், 23 பவுண் வந்தது. அதுக்குப் பிறகு எந்த விண்ணப்பம் எழுதினாலும் மணித்தியாலத்துக்கு 23 படி அதுக்குள்ள சேத்தம். லொத்தரி நிதியத்தின்ர 'அவார்ட்ஸ் ஃபோர் ஓல்' 300இல இருந்து 20,000 பவுண் வரைக்கும் தரும். அதிலயும் இப்படிச் சேத்துத்தான் எழுதினது, குறுக்குக் கேள்வி ஒண்டும் வரேல்லை.

பதில்: ரெண்டாம் தலைமுறை

என்ர தமிழ் எழுத்துப் பிழையெண்டால் மன்னியுங்கோ. நான் யூத் வேர்க்கர். அதுக்கு முதல், இப்படி ஒரு கிளப்பில வளந்த பிள்ளை.

அங்கிள் எழுதினது எல்லாம் சரி. ஆனால் எல்லாரும் கூரையைப் பற்றித்தான் கதைக்கிறீங்கள். அந்த 14,000இல சம்பளம் வாங்கிற ஆளுக்கு ஏப்ரலில என்ன நடக்கும்? எனக்கு 15 வயசில வீட்டில பெரிய பிரச்சினை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. எங்கட வேர்க்கர் ஒரு நாளும் 'என்ன பிரச்சினை' எண்டு கேக்கேல்லை. ஒவ்வொரு வெள்ளியும் பூல் விளையாடக் கூப்பிடுவா, தோத்துக்கொண்டே இருப்பா. நாலு மாசத்துக்குப் பிறகு ஒரு நாள் பந்து அடுக்கேக்க நானாச் சொன்னன். தொண்டர்கள் நல்லவைதான், ஆனால் அவையில பாதிப்பேர் என்ர அம்மாவின்ர சிநேகிதிகள். அவையிட்ட எப்படிச் சொல்லுறது?

கவுன்சிலுக்கு ஒரு நம்பர் வேணுமெண்டால் ஐ.எஃப்.எஸ். எண்ட பொருளாதார ஆய்வு நிறுவனம் 2024இல வெளியிட்ட ஆய்வைக் காட்டுங்கோ. லண்டனில 2010க்கும் 2019க்கும் இடையில கிட்டத்தட்ட 30 வீதமான யூத் கிளப் மூடுப்பட்டுது. கிட்ட இருந்த கிளப் மூடின பிள்ளையள் குற்றத்தில மாட்டுற வாய்ப்பு 14 வீதம் கூடினது, 16 வயசில எழுதுற ஜிசிஎஸ்இ சோதனைப் பெறுபேறும் குறைஞ்சுது. மூடி மிச்சம்பிடிச்ச ஒவ்வொரு பவுணுக்கும் சமூகத்துக்கு மூண்டு பவுண் கிட்டச் செலவு எண்டு கணக்குக் காட்டினவை.

பிள்ளையளிட்டக் கேளுங்கோ, ஆனால் போர்ம் குடுக்காதேங்கோ. போர்ம் குடுத்தால் எல்லாரும் 'குட்' எண்டு எழுதிப்போட்டுப் போடுவினம்.

பதில்: வெள்ளி ஆறரை

பத்து நாள் கழிச்சு வாறன். எல்லாருக்கும் நன்றி.

நிலைமை அறிக்கை கேட்டு மெயில் போட்டன். அப்படி ஒண்டு நாலு வருசமா அவையின்ர கையில இருந்திருக்கு, கடிதத்தில ஒரு சொல் இல்லை. கட்டடம் 1964. கூரை 'ஐந்து வருசத்துக்குள் மாற்றப்படவேண்டும்' எண்டு போட்டிருக்கு, அதில நாலு வருசம் போயிட்டுது. பொயிலர் அறைக் குழாய்க்கு 'அஸ்பெஸ்ரஸ் எனக் கருதுக' எண்டு எழுதி, ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லியிருக்கு. ஸ்டிக்கரைக் காணேல்லை.

போன வெள்ளி ஒரு நீளமான வோல்பேப்பர் சுருளை ரேபிள் ரென்னிஸ் மேசையில விரிச்சு, 'இந்த இடம் போகப்போகுதெண்டால் எதை விடமாட்டீங்கள்?' எண்டு மட்டும் எழுதி விட்டம். முப்பத்தொரு பேர் எழுதிச்சினம். வைஃபை எண்டு நாலு பேர். சோபாவை மாத்தவேண்டாம் எண்டு ஒருத்தர் படம் கீறியிருக்கிறார், எங்களுக்கெண்டால் அதை எப்ப எறியலாம் எண்டு இருந்தது. எங்கட வேர்க்கரின்ர பேரைப் பத்தொன்பது பேர் எழுதியிருக்கினம். அவ அதை வாசிச்சுப்போட்டுக் குசினிக்குள்ள போனவ, கன நேரம் வரேல்லை.

கொமிட்டியில திருப்பியும் சண்டைதான். கடைசியா கவுன்சிலிட்ட இப்படிக் கேக்கிறதெண்டு முடிவு. 25 வருச லீஸ் வேண்டாம். ஐஞ்சு வருசம், உள்பக்கப் பராமரிப்பு மட்டும் எங்கட, கூரையும் வெளிச் சுவரும் பொயிலரும் கவுன்சில். கிறான்ட் ஒரேயடியா நிக்காமல் மூண்டு வருசத்தில படிப்படியாக் குறையட்டும், அதுக்குள்ள சம்பளத்துக்கு வேற வழி பாப்பம். தலைவர் அண்ணை அந்தப் பதில் கடிதத்தில கையெழுத்து வைச்சார், ஆனால் என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை.

பதில்: கணக்குப்பிள்ளை

நல்லாச் செய்தீங்கள். ஐஞ்சு வருச லீசுக்குப் பெரிய கட்டட நிதி ஒருத்தரும் தரமாட்டினம், அது தெரிஞ்சிருக்கட்டும். கூரை உங்கட இல்லை எண்டபடியால் பரவாயில்லை. ஆறு மாச நோட்டீசில கவுன்சில் லீசை முறிக்கலாம் எண்டு ஒரு வரி நடுவில கிடக்கும், பாருங்கோ. அதை எடுக்கச் சொல்லுங்கோ. சொலிசிற்றரிட்டக் காட்டாமல் ஒண்டிலயும் கை வைக்காதேங்கோ. சி.ஐ.ஓ. அலுவலையும் இந்தக் கிழமையே தொடங்குங்கோ.

பதில்: வெள்ளி ஆறரை

அந்த வரி இருக்கு அண்ணை, அவை தந்த லீஸ் வரைவில பதினேழாம் பந்தி. எடுக்கச் சொல்லி எழுதியாச்சு.

கவுன்சிலில இருந்து ரெண்டு பேர் வாற செவ்வாய் கட்டடம் பாக்க வருகினம். தலைவர் அண்ணை ஹோலில தேத்தண்ணி வைச்சுக் கதைப்பம் எண்டு சொல்லுறார். பொயிலர் அறைத் திறப்பு என்னட்ட இருக்கு. தேத்தண்ணிக்கு முதல் அங்கதான் கூட்டிக்கொண்டு போகப்போறன்.