மறு: டைம்அவுட்: ‘காலாவதி’யா, ‘கெடு’வா?

அனைவருக்கும் வணக்கம். என்மேப் (நெட்வொர்க்கில் உள்ள கருவிகளைச் சோதிக்கும் மென்பொருள்) காட்டும் செய்திகளைத் தமிழாக்கும்போது, ‘டைம்அவுட்’ (பதிலுக்குக் காத்திருக்கும் நேர வரம்பு) என்பதற்கு என்ன சொல் வைப்பது என்ற விவாதத்துக்கு என் பதில் இது.

> டைம்அவுட் = காலாவதி. புழக்கத்தில் உள்ள சொல், மாற்ற வேண்டாம்.

புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் மாத்திரை அட்டையில் இருக்கும் பொருளில். என்மேப் ஸ்கிரிப்ட் (கூடுதல் சோதனை செய்யும் சிறு நிரல்) ஒன்று, பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழின் காலாவதித் தேதியைக் காட்டும். அதே திரையில் ‘192.168.1.40 காலாவதி’ என்றும் வந்தால்? என் வரைவைப் படித்த நண்பர், அந்த முகவரியில் இருக்கும் அச்சுப்பொறிக்கு உரிமம் முடிந்துவிட்டதா என்று கேட்டார். பாவம், அது மெதுவாகப் பதில் சொல்லும் பழைய பெட்டி, அவ்வளவுதான்.

கெடு என்று வைத்துக்கொள்வோம். கடன் கொடுத்தவர் வைக்கும் அதே கெடு. ஆங்கிலத்தில் விதித்த நேரத்துக்கும் அது கடந்துபோன நிகழ்வுக்கும் ஒரே சொல். நமக்கு அந்தச் சங்கடம் இல்லை: வைப்பது கெடு, நடப்பது கெடு தாண்டுவது.

என்மேப்பில் கெடு ஒன்றல்ல. மிக வேகமான ‘டி5’ அமைப்பில் ஒரு சோதனைப் பொட்டலத்தின் பதிலுக்கு அதிகபட்சம் 300 மில்லிவினாடி, ஒரு ஸ்கிரிப்ட்டுக்கு 10 நிமிடம், ஒரு ஹோஸ்டுக்கு, அதாவது சோதிக்கப்படும் கருவிக்கு, மொத்தம் 15 நிமிடம். ஸ்கிரிப்ட் கெடு தாண்டினால் அது மட்டும் நிற்கும். ஹோஸ்டின் கெடு தாண்டினால் அதன்மேல் ஓடும் லுவா இழைகள் (லுவா மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட்டுகளின் ஓட்டங்கள்) எல்லாமே மூடப்படும், சாக்கெட்டில் (நெட்வொர்க் இணைப்பில்) பதிலுக்குக் காத்துக்கிடப்பவை உட்பட. பக்கத்து ஹோஸ்டுகளின் ஸ்கிரிப்ட்டுகள் அவை பாட்டுக்கு ஓடும். கையேட்டின்படி, கெடு தாண்டிய ஹோஸ்டுக்குப் போர்ட் (இணைப்பு வாயில்) பட்டியல்கூட அச்சாகாது. செய்தி மங்கலாக இருந்தால், கருவி அணைந்து கிடக்கிறது என்றே படிப்பவர் நினைப்பார்.

> ‘கெடு’ என்றால் ‘கெடுத்துவிடு’ என்றும் படிக்கலாமே?

தனியாக நின்றால் படிக்கலாம். ‘கெடுவை’, ‘கெடுவுக்குள்’ என்று வந்தால் யாருக்கும் குழம்பாது. ஆனால் சேர்த்து மட்டும் எழுதாதீர்கள். ‘கெடுத்தாண்டல்’ என்று எழுதிப் பார்த்தேன், யாரையோ கெடுத்து ஆண்டதுபோல் இருந்தது.

ஹோஸ்டுக்கு ‘ஓம்பி’ எனக்கு ஒப்பவில்லை, அச்சுப்பொறி யாரையும் ஓம்புவதில்லை. ‘பொறி’ என்றால் எலிப்பொறி நினைவுக்கு வரும், பாதுகாப்புத் துறையில் அது வேறு வம்பு. இப்போதைக்குக் ‘கணு’ என்று வைத்திருக்கிறேன். ரவுட்டர், கேமரா எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.

திருத்திய வரி:

‘192.168.1.40: கணுவுக்கான கெடு தாண்டியது. ஸ்கிரிப்ட்டுகள் நிறுத்தப்பட்டன.’