இடித்துக் கட்டும்போது கிணற்றைக் காப்பாற்ற வழி உண்டா?

மாம்பலத்துக்காரி:
மேற்கு மாம்பலத்தில் 1984இல் கட்டிய 12 வீடுகள் கொண்ட அடுக்குமாடி எங்களுடையது. கூரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. இடித்துக் கட்ட எல்லோரும் சம்மதித்துவிட்டோம். ஆனால் பில்டரின் பிளானில் கீழ்த்தளம் முழுக்கக் கார் நிறுத்தம், சுற்றிலும் சிமென்ட் தரை. பின்பக்கக் கிணற்றைத் தூர்த்துவிட்டு 300 அடி போர் போடுவாராம். 2003இல் மொட்டை மாடி மழைத் தண்ணீரை அந்தக் கிணற்றில் இறக்கினோம். 2019 கோடையில் தெருவே லாரிக்குக் காத்துக் கிடந்தபோது எங்களுக்குப் புழங்கத் தண்ணீர் இருந்தது. "ரெண்டு கார் இடம் போகுமே" என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். என்ன சொல்லிப் புரியவைப்பது?

அடையாறுவாசி:
எங்கள் கிணறு கார் நிறுத்தத்துக்கு உள்ளேயே இருக்கிறது அம்மா. கான்கிரீட் மூடி போட்டு, ஆள் இறங்க ஒரு வாய் விட்டிருக்கிறோம். மேலே ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. போனது ஒரே ஒரு கார் இடம். ஒன்று மட்டும் கோட்டை விட்டோம்: இடிக்கும் முன் கிணற்றின் வாயை மூடி வைக்கவில்லை. செங்கல்லும் சிமென்ட் சாந்துமாக ஆறடிக்கு நிரம்பிவிட்டது. தூர் வாரி முடிக்கப் படாத பாடு பட்டோம்.

சைட் இன்ஜினியர்:
மேடம், கூட்டத்தில் கணக்காகப் பேசுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது. மாடி 400 சதுர மீட்டர் என்றால் 5,60,000 லிட்டர். வீணாவது போக நாலு லட்சம் என்றே வையுங்கள். 12,000 லிட்டர் லாரியில் 33 லோடு.

மழைநீர் சேகரிப்பு சட்டப்படி கட்டாயம், அதனால் பில்டர் எப்படியும் ஏதாவது செய்வார். பல இடங்களில் அது ஜல்லி நிரப்பிய மூன்றடிக் குழிதான். மேல்மண் களிமண்ணாக இருந்தால் தண்ணீர் அதிலேயே தேங்கும். உங்கள் கிணறு ஊற்று வரை ஏற்கெனவே தோண்டிய வழி. மாடிக் குழாய்க்கும் கிணற்றுக்கும் நடுவே மணலும் ஜல்லியும் போட்ட வடிகட்டித் தொட்டி போதும்.

அப்புறம், வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். ஒப்பந்தத்தோடு இணைக்கும் வரைபடத்திலேயே கிணறும் பின்பக்க மண் தரையும் இருக்க வேண்டும்.

மாம்பலத்துக்காரி:
கூட்டம் முடிந்தது. லாரிக் கணக்கைச் சொன்னதும் எதிர்ப்பேச்சே எழவில்லை. கிணறு வரைபடத்தில் வந்துவிட்டது, இடிக்கும் முன் அதன் வாயை மூடி வைப்பதும் எழுத்தில் இருக்கிறது. சுற்றுச்சுவரை ஒட்டிய வேப்பமரத்துக்கு மட்டும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். வேரைச் சுற்றி எத்தனை அடி மண்ணாக விடச் சொல்ல வேண்டும், சார்?