மலிவு ஜெனரேட்டரும் அந்த 65 டெசிபலும்

மலைக்காற்று:
கூடாரம் பற்றிய இழையில் இரும்புக்கை போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: "கேம்பிங்குக்கு மலிவு ஜெனரேட்டரே போதும். 65 டெசிபல்தான், நாலு பேர் பேசுகிற சத்தம். இன்வெர்ட்டர் மாடல் வாங்குகிறவர்களுக்குக் காசு கடிக்கிறது." இதை நம்பி யாராவது வாங்கிவிடுவார்களே என்றுதான் தனி இழை. அந்த 65 எங்கே நின்று அளந்தது? பெரும்பாலும் 7 மீட்டர் தள்ளி, அதுவும் குறைந்த லோடில். பக்கத்துக் கூடாரத்துக்காரர் சத்தம் அளக்கும் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்க வரவில்லை, தூங்க வந்திருக்கிறார்.

இரும்புக்கை:
எதிர்பார்த்தேன், வந்துவிட்டீர்கள். பெட்டியிலும் 65 என்று போட்டிருக்கிறது, நானே அளந்தபோதும் 65தான். ஜெனரேட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டா படுக்கப்போகிறீர்கள்? திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். 7 மீட்டரில் 65 என்றால் 14-ல் 59, 28-ல் 53. கணக்குத் தெரிந்தவர்கள் மட்டும் பதில் சொல்லவும்.

தூக்கம்_முக்கியம்:
அதே கணக்கைத் திருப்பிப் போடுங்களேன். 1 மீட்டரில் 82 வருகிறது. அதையும் பெட்டியில் அச்சடிக்கச் சொல்லுங்கள்.

இரும்புக்கை:
1 மீட்டரில் யார் ஐயா படுப்பது? 65.

வோல்ட்டு:
எண்ணை விடுங்கள், என்ஜினைப் பாருங்கள். சாதாரண மாடல் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலை கொடுக்க நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றியாக வேண்டும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 3600. ஒரு போனை மட்டும் சார்ஜில் போட்டாலும் அதே வேகம், ஏறக்குறைய அதே இரைச்சல். இன்வெர்ட்டரில் மின்சாரத்தை முதலில் டிசியாக்கி (நேர் மின்சாரம்), பிறகு எலக்ட்ரானிக்ஸ் வைத்து ஏசியாக்குவதால் (மாறு மின்சாரம்) என்ஜின் வேகத்துக்கும் ஹெர்ட்ஸுக்கும் முடிச்சு இல்லை. லோடு குறைந்தால் என்ஜினும் அடங்கிவிடும். ராத்திரியில் யாரும் கெட்டில் போடுவதில்லை, ஒரு விளக்கும் விசிறியும்தான். அங்கேதான் வித்தியாசம் காதில் விழும்.

இரும்புக்கை:
பாடம் நன்றாக இருக்கிறது தம்பி. அதே இன்வெர்ட்டரில் முழு லோடு போட்டுப் பாருங்கள், அதுவும் கத்தும். அப்போது அது எத்தனை டெசிபல்? நானே சொல்கிறேன், கிட்டத்தட்ட 65. ஆக இரண்டு மூன்று மடங்கு விலை கொடுத்து அதே 65-ஐ வாங்குகிறீர்கள்.

அப்புறம், "சுத்தமான மின்சாரம், போன் எரிந்துவிடும்" என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன். இப்போதைய போன் சார்ஜர் எப்படியும் ஏசியை டிசியாக்கித்தான் உள்ளே விடுகிறது. அலை கொஞ்சம் கோணலாக வந்தாலும் பெரும்பாலான சார்ஜர்கள் கண்டுகொள்ளாது.

வோல்ட்டு:
நான் உங்களுக்குத் தம்பி இல்லை. "பெரும்பாலான" என்று நைசாக நுழைத்திருக்கிறீர்கள். தூங்கும்போது மூச்சுக்கு சிபாப் மெஷின் வைப்பவரிடம் போய் இந்தப் "பெரும்பாலான" கதையைச் சொல்லுங்கள்.

தீப்பொறி:
எல்லாரும் காதைப் பற்றியே பேசுகிறீர்கள், மூக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசினாலும் பயன் இல்லை, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மலிவோ விலை உயர்ந்ததோ, கூடாரத்திலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் எதிர்ப்பக்கம் பார்த்தபடி வைக்க வேண்டும். மழை வருகிறது என்று வாசலில் இழுத்து வைக்கவே கூடாது. சிலர் தார்ப்பாய் போட்டு மூடி, கூடாரத்தோடு ஒட்டி ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரும்புக்கை:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! தள்ளி வைத்தால் அது 65 கூட இல்லை.

தீப்பொறி:
நான் சொன்னது உயிரைப் பற்றி.

மலைக்காற்று:
பெட்டியில் எழுதியதை இவ்வளவு நம்புகிறவர் வாட்டையும் நம்புவார் போலிருக்கிறது. கொட்டை எழுத்தில் போடுவது உச்ச வாட், சில நொடிகள்தான் தாங்கும். தொடர்ந்து கிடைப்பது அதைவிடக் குறைவு, சின்ன எழுத்தில் பின்பக்கம் இருக்கும். மலைக்கு எடுத்துப்போனால் காற்று மெலிந்து இன்னும் குறையும். 300 மீட்டர் ஏற ஏற ஏறக்குறைய 3 சதவீதம் போகும். மேலே போய் அது திணறித் திணறி ஓடும்போது மீட்டரை எடுங்கள், 65 வருகிறதா பார்ப்போம்.

இரும்புக்கை:
வாட் பற்றி நான் எங்கே பேசினேன்? பேச்சை மாற்றாதீர்கள். போன முறை கூடார விஷயத்திலும் இப்படித்தான், தையல் ஒழுகுகிறது என்றதும் துணியைப் பற்றி ஆரம்பித்தீர்கள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். மலிவு மாடல் மக்கர் செய்தால் நானே கழற்றுவேன். ஸ்டார்ட் ஆகவில்லையா, பத்தில் எட்டு முறை கார்புரேட்டர்தான். மாதக்கணக்கில் பெட்ரோலை உள்ளேயே விட்டிருப்பார்கள். அடியில் இருக்கும் கிண்ணத்தின் ஒற்றை போல்ட்டைத் திருகி இறக்கினால் பழுப்பாகப் பிசின் படிந்திருக்கும், கெட்டுப்போன பெட்ரோலின் புளிச்ச வாடை அடிக்கும். நடுவில் பித்தளை ஜெட், ஊசி முனை அளவு ஓட்டை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிய வேண்டும், தெரியவில்லை என்றால் அடைப்பு. மெல்லிய கம்பி ஒன்று, கார்ப் கிளீனர் ஸ்பிரே, முடிந்தது வேலை. உங்கள் இன்வெர்ட்டரில் போர்டு போனால்? பிசின் பூசி மூடிய கட்டையைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டர் வாசலில் நில்லுங்கள்.

தூக்கம்_முக்கியம்:
இவ்வளவு எழுதியதில் சத்தம் குறைய ஒரு வரி உண்டா?

இரும்புக்கை:
குறைய என்ன இருக்கிறது? 65.

சூரியகாந்தி:
பேட்டரி பெட்டி என்று ஒன்று இருப்பதை யாருமே சொல்லவில்லையே. 500 வாட்-ஹவர் லித்தியம் பெட்டி போதும். விளக்கு, இரண்டு போன், சின்ன டிசி விசிறி எல்லாம் இரண்டு இரவு ஓடும். சத்தம் பூஜ்யம், புகை பூஜ்யம்.

இரும்புக்கை:
மூன்றாவது இரவு? மழை பிடித்துக்கொண்டால் சோலார் தகடை மடித்துத் தலைக்குத்தான் வைக்க வேண்டும். 1 லிட்டர் பெட்ரோலில் ஒரு யூனிட்டுக்கு, அதாவது 1000 வாட்-ஹவருக்கு மேல் மின்சாரம் எடுக்கலாம். உங்கள் பெட்டியைப் போல இரண்டு பெட்டி, ஒரு பாட்டிலில்.

வோல்ட்டு:
நல்ல லோடு கொடுத்தால் வரும். ராத்திரி முழுக்க ஒரு விசிறிக்காக 3000-ல் ஓடவிட்டால் பெட்ரோல் இரைச்சலாகத்தான் போகும். பகலில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பேட்டரியை ஏற்றிவிட்டு, ராத்திரி அணைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது உங்களுக்குத் தோன்றவே தோன்றாது.

இரும்புக்கை:
ஜெனரேட்டரும் வேண்டும், பேட்டரியும் வேண்டும், பிறகு நான் சிக்கனம் தெரியாதவன். நன்றி தம்பி.

வோல்ட்டு:
மறுபடியும் தம்பி. உங்கள் வயதும் எனக்குத் தெரியாது, என் வயதும் உங்களுக்குத் தெரியாது.

ஒற்றையடிப்பாதை:
காட்டுக்குப் போய் விசிறி எதற்கு, விளக்கு எதற்கு? மின்சாரம் வேண்டுமென்றால் வீட்டிலேயே இருங்கள்.

தூக்கம்_முக்கியம்:
இதை எந்த மின்சாரத்தில் தட்டச்சு செய்தீர்கள்?

மலைக்காற்று:
இரும்புக்கை, நேரடியாகக் கேட்கிறேன். மீட்டர் வைத்து அளந்தேன் என்றீர்களே. எத்தனை மீட்டரில்? என்ன லோடில்? படம் இருக்கிறதா?

இரும்புக்கை:
கூடாரத் தையலுக்கு முதலில் பதில் சொல்லுங்கள், படம் போடுகிறேன்.

மலைக்காற்று:
ஆக, படம் இல்லை.

இரும்புக்கை:
ஆக, தையல் ஒழுகுகிறது.

புதியவன்:
வணக்கம். குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் பார்த்து வைத்திருக்கும் மலிவு மாடலில் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும் என்கிறார்கள். அது டூ ஸ்ட்ரோக்கா? வாங்கலாமா?

இரும்புக்கை:
டூ ஸ்ட்ரோக்தான். 50-க்கு 1 என்று போட்டிருந்தால் 1 லிட்டருக்கு 20 மில்லி ஆயில், தாராளமாக வாங்குங்கள்.

தூக்கம்_முக்கியம்:
டூ ஸ்ட்ரோக்கா! புகையும் சேர்த்தா? தம்பி, தயவுசெய்து வாங்காதீர்கள்.

வோல்ட்டு:
நீங்களுமா தம்பி?

இரும்புக்கை:
புதியவரே, டூ ஸ்ட்ரோக்குக்குத் தனி இழை தொடங்குங்கள். அங்கே விவரமாக எழுதுகிறேன்.

மலைக்காற்று:
தொடங்குங்கள், நானும் வருகிறேன்.