கேசட்டில் கணீரென்று கேட்கும் நாதஸ்வரம் கம்ப்யூட்டரில் ஏற்றினால் உடைகிறது, உதவுங்கள்

மேலூர்க்காரன்:
அண்ணன்மாருக்கு வணக்கம். அப்பா எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் வாசித்த நாதஸ்வரம் சில கேசட்டுகளில் இருக்கிறது. டேப்பில் போட்டால் தவில் நெஞ்சில் வந்து விழுகிறது. ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் எடுத்து லேப்டாப்பின் மைக் துளையில் சொருகி எம்பி3 ஆக ஏற்றினால், தவில் அடி விழும் இடமெல்லாம் கரகரக்கிறது, பின்னால் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் வேறு. டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் கேட்டால், டிஜிட்டல் என்றாலே அப்படித்தான், அனலாக் சுகம் வராது என்கிறார்கள். நிஜமா? அப்பா இப்போது இல்லை, அவர் வாசிப்பு என்று மிச்சம் இருப்பது இந்த நாடாக்கள்தான்.

சிம்மக்கல் ரேடியோ:
தம்பி, அதை நம்பாதீங்க. மைக் துளை மில்லிவோல்ட் அளவு சிக்னலுக்கானது, டேப்பிலிருந்து வருவது அதைவிடப் பல மடங்கு, அதனால் நுழையும்போதே உடைகிறது. சத்தம் கூடினால் நாடா கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அமுங்கும், தவில் அடி உருண்டு திரண்டு கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். டிஜிட்டலில் உச்ச வரம்பான 0 டெசிபலைத் தாண்டியது அப்படியே வெட்டுப்படும். ஆனால் அந்த அமுக்கம் பதிவு செய்த அன்றைக்கே நாடாவில் ஏறியாச்சு. ஒழுங்காக நகல் எடுத்தால் அந்தச் சுகமும் கூடவே வரும். சாதாரண கேசட்டில் இரைச்சலுக்கு மேல் கிடைப்பது 50, 60 டெசிபல், 16 பிட் டிஜிட்டல் பதிவிலேயே 96 வரை இடம் இருக்கிறது, அப்புறம் டிஜிட்டலைக் குறை சொல்லி என்ன? லைன் இன் (டேப்பிலிருந்து வரும் அளவு சிக்னலைத் தாங்கும் துளை) உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது ஒலியைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கி, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில், உச்ச அடி மைனஸ் 10 டெசிபல் பக்கம் நிற்கும்படி வைத்து தரம் குறையாத வேவ் கோப்பாக எடுங்கள். எம்பி3 எல்லாம் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப மட்டும்.

நாடாப்பிரியன்:
அதற்கு முன்னால் டேப்பில் நாடாவைப் படிக்கும் ஹெட்டையும், நாடாவை இழுக்கும் ரப்பர் உருளையையும் சுத்தம் செய்யணும். ஹெட்டுக்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும். அப்படியும் சீவாளியின் (நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டு) கூர்மை மந்தமாகக் கேட்டால் ஹெட்டின் சாய்வு மாறியிருக்கும். பக்கத்தில் உள்ள சின்னத் திருகைக் கொஞ்சமாகத் திருப்பி, மேல் ஸ்தாயி தெளிகிற இடத்தில் நிறுத்துங்கள். வேறு கேசட்டுகளில் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்பா கேசட்டைப் போடுங்கள்.

மேலூர்க்காரன்:
நன்றி அண்ணே. அந்த ‘ம்ம்ம்’?

சிம்மக்கல் ரேடியோ:
கரண்டு லைனில் இருந்து வருவது, 50 ஹெர்ட்ஸ். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள்.

மேலூர்க்காரன்:
கழற்றினேன், போய்விட்டது! இன்டர்ஃபேஸ் வாங்கியதும் மீதியைப் பார்க்கிறேன். ஒரு கேசட்டில் நாடா அறுந்து கிடக்கிறது, செல்லோடேப் ஒட்டலாமா?

நாடாப்பிரியன்:
வேண்டவே வேண்டாம், பசை கசிந்து அடுத்த சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும். நாடா ஒட்டுவதற்கென்றே ஸ்ப்ளைசிங் டேப் இருக்கிறது, அதை வாங்கி, எந்தப் பக்கம் பளபளக்கிறது, என்ன நிறம் என்று பார்க்காமல், ஹெட்டில் படாத முதுகுப் பக்கத்தில் ஒட்டுங்கள்.