பெஞ்ச் பிரஸ்ஸில் மார்புத் தசை கிழிந்தால் ஆபரேஷன் அவசியமா?

பளுக்கூடம்:
என்னிடம் பயிலும் பவர்லிஃப்டிங் பையனுக்கு, பெஞ்ச் பிரஸ்ஸில் (மல்லாந்து படுத்து எடைக் கம்பியை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பயிற்சி) பாரை நெஞ்சுக்கு இறக்கும்போது ‘பட்’டென்று சத்தம். பத்து நாளாச்சு. அக்குளிலிருந்து முழங்கை வரை கருநீலம். தோள்பட்டை எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுமில்லை என்கிறார்கள். பிசியோவிலேயே சரியாகுமா?

எலும்புமூட்டு:
அந்த ரிப்போர்ட்டை நம்பி உட்கார்ந்துவிடாதீங்க சார். பெக்டொராலிஸ் மேஜர் என்ற பெரிய மார்புத் தசையின் நாண் (தசையை எலும்போடு இணைக்கும் பட்டை) மேற்கை எலும்பில் ஒட்டும் இடம், வழக்கமான தோள்பட்டை எம்.ஆர்.ஐ.யில் முழுசாக வராமல் போகலாம். மார்புத் தசைக்கென்றே, நாண் ஒட்டும் இடம்வரை எடுக்கும்படி எழுதி வாங்குங்க. இரு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் சேர்த்து மெதுவாக அழுத்தச் சொல்லிப் பாருங்க. அக்குளின் முன்மடிப்பு ஒரு பக்கம் மட்டும் மெலிந்து, தசை நடுமார்பை நோக்கித் திரண்டால் கிழிசல் என்றே சந்தேகிக்கணும்.

எலும்பிலிருந்து நாண் பிய்ந்திருந்தால் விளையாட்டுக்காரருக்கு ஆபரேஷன்தான் நல்லது. சதைக்குள்ளேயே கிழிந்திருந்தால் நூல் சதையை அறுத்துக்கொண்டு வந்துவிடும். அதற்குப் பெரும்பாலும் பிசியோதான். தள்ளிப்போடாதீங்க. ஆறு வாரம் தாண்டினால் தசை சுருங்கி, சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தாலும் எலும்புக்கு எட்டாமல் வேறு நாண் வைத்து நீட்ட வேண்டி வரலாம்.

தையல்மேசை:
நாண் சுமார் 5 செ.மீ. அகலப் பட்டை. கீழ்மார்பு இழைகள் முறுக்கிக்கொண்டு போய் எலும்பில் மேலே ஒட்டுகின்றன. பார் நெஞ்சைத் தொட்டு முழங்கை பின்னால் போகும்போது அவைதான் அதிகம் இழுபடும், முதலில் பிய்வதும் அவைதான். தைக்கும்போது அந்த முறுக்கைக் கலைக்கக் கூடாது. எலும்பைச் சுரண்டி ரத்தம் கசியவிட்டு, கரையாத தடித்த நூலால் நாணைப் பின்னி, இரண்டு மூன்று உலோக பட்டன்களிலோ ஆங்கரிலோ (நூலை எலும்பில் பிடித்து வைக்கும் சின்னக் கருவிகள்) இறுக்குவோம். ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே பைசெப்ஸின் நீள நாண் ஓடுகிறது, அதைக் கண்ணால் பார்க்காமல் துளை போடவே கூடாது.

பளுக்கூடம்:
நன்றி டாக்டர். மல்யுத்த வீரர் ஜான் சீனா, 2007 அக்டோபரில் இதே தசை கிழிந்தும், 2008 ஜனவரி ராயல் ரம்பிள் மல்யுத்தப் போட்டிக்கே வந்துவிட்டாரே என்கிறான் பையன்.

இயன்முறை:
அது விதிவிலக்கு, அதைக் கணக்கு வைத்து யாரும் திட்டம் போடுவதில்லை. டாக்டருக்கு டாக்டர் கொஞ்சம் மாறும், ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு பொதுவாக 4 முதல் 6 வாரம் ஸ்லிங் (கையைத் தாங்கும் தொங்குபட்டை). அதுவரை கையை வெளிப்பக்கம் திருப்பக் கூடாது, பக்கவாட்டில் விரிக்கக் கூடாது. 6 வாரத்துக்குமேல் தானாகக் கையை அசைக்கலாம், 12 வாரத்தில் லேசான எடை. வலி போனதும் “சரியாயிடுச்சு” என்று பாரைத் தொடும் நேரம்தான் ஆபத்து. நாண் எலும்போடு முழுசாகப் பிடித்திருக்காது. பெஞ்ச் பிரஸ் 5, 6 மாதத்துக்குப் பிறகு, அதுவும் குறுகிய பிடியில். நெஞ்சின்மேல் சுருட்டிய துண்டோ பலகையோ வைத்து, பார் அதற்குக் கீழே இறங்காமல் தொடங்குங்க.